முனைவர் பட்ட மாணவர்களுக்கான கற்பித்தல் பயிற்சி

முனைவர் பட்ட மாணவர்களுக்கான கற்பித்தல் பயிற்சி என்பது, முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டிருப்போர் பிற்காலத்தில் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆசிரியர்களாகப் பணியாற்றத் தேவையான திறன்களை ஆய்வுக் காலத்திலேயே பெறச் செய்யும் ஏற்பாடு ஆகும். பாடத்தைத் திட்டமிடுதல், விளக்குதல், வினா எழுப்புதல், செய்முறை வகுப்பு நடத்துதல், விடைத்தாள் மதிப்பிடுதல், களப்பயணத்தை வழிநடத்துதல் ஆகியன இதில் அடங்கும். இந்தியாவில் இப்பயிற்சி நெடுங்காலம் பணியில் சேர்ந்த பின்னரே வழங்கப்பட்டு வந்தது. 2022 இல் வெளிவந்த பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் இதனை ஆய்வுக் காலத்துக்குள் கொண்டுவந்தன. இக்கட்டுரை அம்மாற்றத்தையும், தமிழ்நாட்டில், குறிப்பாகச் சேலம், ஏற்காடு வட்டாரத்தில், இத்தகைய பயிற்சிக்கு உள்ள வாய்ப்புகளையும் விளக்குகின்றது.

பெயரும் பின்னணியும்

"டாக்டர்" என்னும் சொல், கற்பித்தல் எனப் பொருள்படும் "டோக்கேரே" என்ற இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து தோன்றியது. இடைக்கால ஐரோப்பாவில், பொலோனியா, பாரிஸ் முதலிய பல்கலைக்கழகங்களில், இப்பட்டம் அடிப்படையில் கற்பிப்பதற்கான உரிமமாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் புதிய அறிவை உருவாக்கும் ஆய்வை இப்பட்டத்தின் மையமாக்கின. 1876 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அம்மரபைப் பின்பற்றியது. பிற நாடுகளும் தொடர்ந்தன. இவ்வாறு பட்டத்தின் பெயர் கற்பித்தலைச் சுட்ட, அதன் உள்ளடக்கம் ஆய்வாக மாறியது. ஜெர்மனியிலேயே முனைவர் பட்டம் பெற்றவர், விரிவுரை நிகழ்த்தும் உரிமைக்காக "ஹாபிலிடேஷன்" என்னும் மற்றொரு தகுதியைப் பெற வேண்டியிருந்தது. தமிழில் வழங்கும் "முனைவர்" என்ற சொல்லோ முதன்மையானவர் என்ற பொருளைத் தருவது. கற்பித்தல் என்ற பொருள் அதில் தொடக்கம் முதலே இல்லை.

பள்ளி ஆசிரியரும் கல்லூரி ஆசிரியரும்

இந்தியாவில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்க விரும்பும் பட்டதாரி, கல்வியியல் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்விலும் வெற்றி பெறுதல் வேண்டும். கல்வியியல் பட்டப்படிப்பு 2015 முதல் இரண்டு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. அப்படிப்பில் பாடக்குறிப்பு எழுதுதலும், நுண்ணிலைக் கற்பித்தலும், பள்ளியொன்றில் நேரில் வகுப்பெடுத்தலும் கட்டாயமானவை. அதே பட்டதாரி மேலும் படித்து அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர விரும்பினால், இவற்றுள் எதுவும் கேட்கப்படுவதில்லை.

கல்லூரி ஆசிரியர்க்கான தேசியத் தகுதித் தேர்வு 1989 முதல் நடைபெற்று வருகின்றது. அதன் முதல் தாள் 50 வினாக்கள் கொண்டது. அதன் பாடத்திட்டத்தின் பத்து அலகுகளுள் ஒன்று கற்பித்தல் திறன் பற்றியது. வினாக்கள் அனைத்தும் கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் வகையைச் சேர்ந்தவை. இது கற்பித்தலைப் பற்றிக் கேள்வி கேட்கும் தேர்வேயன்றி, ஒருவர் கற்பிப்பதைப் பார்க்கும் தேர்வன்று.

முனைவர் பட்டத்தின் நிறைவில் நடைபெறும் பொது வாய்மொழித் தேர்வு ஒருவகைக் கற்பித்தல் சோதனை என்று கருதுவோர் உண்டு. ஆனால் அங்கு ஆய்வாளர் தம்மைவிட அப்பொருளை நன்கறிந்தவர்க்கு விளக்குகின்றார். வகுப்பறையில் நிலைமை நேர்மாறானது. பொருளை முதன்முறையாகச் சந்திப்பவர்க்கு விளக்க வேண்டும். அவருக்கு எது விளங்கவில்லை என்பதை அவர் சொல்லாமலே கண்டறிய வேண்டும்.

பிற நாடுகளில்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளநிலை மாணவர்களின் செய்முறை, சிறுகுழு வகுப்புகளை முனைவர் பட்ட மாணவர்கள் கற்பித்தல் உதவியாளர்களாக நடத்துவது நீண்டகால வழக்கம். ஆய்வு மாணவரின் உதவித்தொகைக்கு இப்பணியே பல துறைகளில் ஆதாரம். பயிற்சியின்றி வகுப்புக்குள் அனுப்பப்பட்ட இவர்களுக்கு உதவும் பொருட்டு நூல்களும் மையங்களும் தோன்றின. மிச்சிகன் பல்கலைக்கழக உளவியலாளர் வில்பர்ட் மெக்கீச்சி புதிய கல்லூரி ஆசிரியர்களுக்காக எழுதிய கையேடு 1951 இல் முதன்முதலாக வெளிவந்து பல பதிப்புகள் கண்டது. அப்பல்கலைக்கழகத்திலேயே 1962 இல் கற்றல், கற்பித்தல் ஆய்வு மையம் அமைக்கப்பட்டது. 1993 இல் "வருங்கால ஆசிரியர்களைத் தயாரித்தல்" என்ற திட்டம் பல பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்டது. பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகத்தின் மாணவர், அருகிலுள்ள சிறிய கல்லூரிக்குச் சென்று அங்குள்ள ஆசிரியப் பணியை அறிந்துவருவது இத்திட்டத்தின் சிறப்புக்கூறு.

இலங்கையில் பயிற்சி பணி நியமனத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. அங்குப் பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேரும் தகுதிகாண் விரிவுரையாளர்கள், பணியில் உறுதிப்படுத்தப்படுவதற்கு உயர்கல்வியில் கற்பித்தல் பற்றிய சான்றிதழ்ப் பயிற்சியை முடித்தல் வேண்டும்.

இந்தியாவில்: பணிக்குப் பின் பயிற்சி

1964–66 இல் செயற்பட்ட கோத்தாரி கல்விக் குழு, புதிதாக நியமிக்கப்படும் விரிவுரையாளர்களுக்கு முறையான அறிமுகப் பயிற்சி தேவை எனப் பரிந்துரைத்தது. 1986 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழக மானியக் குழுவின் நிதியில் கல்விப் பணியாளர் கல்லூரிகள் நிறுவப்பட்டன. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை காமராசர், பாரதிதாசன், பாரதியார் ஆகிய பல்கலைக்கழகங்களில் இவை அமைந்தன. புதியவர்களுக்கு நான்கு வார அறிமுகப் பயிற்சியும், அனுபவமுள்ளவர்களுக்குத் துறை சார்ந்த புத்தொளிப் பயிற்சியும் இங்கு வழங்கப்பட்டன. 2015 இல் இவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனவும், 2023 இல் மாளவியா ஆசிரியர் பயிற்சி மையங்கள் எனவும் பெயர் மாற்றம் பெற்றன.

இவை பல்லாயிரம் ஆசிரியர்களுக்குப் பயன்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டு குறைகள் அமைப்பிலேயே இருந்தன. முதலாவது, பயிற்சிக்கு முன்னரே ஆசிரியர் ஓரிரு ஆண்டுகள் வகுப்பெடுத்து, நல்லதோ தீயதோ, தமக்கென ஒரு பழக்கத்தை உருவாக்கிக் கொண்டிருப்பார். இரண்டாவது, பயிற்சிச் சான்றிதழ் பதவி உயர்வோடு இணைக்கப்பட்டிருந்தது. பதவி உயர்வு என்பது நிரந்தரப் பணியாளர்க்கே உரியது. அரசுக் கல்லூரிகளில் பெரும் பாடச்சுமையைத் தாங்கும் கௌரவ விரிவுரையாளர்க்கு அத்தகைய தூண்டுதல் இல்லை. முனைவர் பட்டம் முடித்தவுடன் பலருக்கும் கிடைக்கும் முதல் வேலை இந்தக் கௌரவ விரிவுரையாளர் பணியே என்பது இங்கு நோக்கத்தக்கது.

2022 விதிமுறைகள்

2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, எல்லாத் துறைகளிலும் புதிதாகச் சேரும் முனைவர் பட்ட மாணவர்கள் தம் பாடத்தைக் கற்பிக்கும் முறை பற்றிப் பயில வேண்டும் என்றும், குறிப்பிட்ட மணிநேரம் உண்மையாகவே கற்பித்திருக்க வேண்டும் என்றும் கூறியது. இதனையொட்டி 2022 நவம்பரில் மானியக் குழு வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகள், துறை வேறுபாடின்றி அனைத்து ஆய்வு மாணவர்களும் கற்பித்தல், கல்வியியல், எழுத்து ஆகியவற்றில் பயிற்சி பெற வேண்டும் என விதித்தன. சிறுகுழு வகுப்பு, ஆய்வகப் பணி, மதிப்பீடு ஆகியவற்றுக்காக வாரத்துக்கு 4 முதல் 6 மணிநேரம் வரை அவர்களுக்குப் பணி ஒதுக்கலாம் எனவும் அவை அனுமதித்தன. இதே விதிமுறைகள் எம்.பில். பட்டத்தை நிறுத்தின.

ஐ.ஐ.டி.களில் இதற்கு முன்னரே இத்தகைய வழக்கம் உண்டு. அங்கு உதவித்தொகை பெறும் ஆய்வு மாணவர் வாரத்துக்குச் சுமார் 8 மணிநேரம் துறையின் கற்பித்தல் பணிகளுக்கு உதவுவது மரபு. 2018 இல் அறிவிக்கப்பட்ட பிரதமர் ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் தேர்வு பெற்றோர், அருகிலுள்ள பிற கல்வி நிறுவனங்களில் வாரந்தோறும் கற்பிக்கும் கடமையை ஏற்கின்றனர்.

விதியைப் படிக்கும்போது ஒரு வேறுபாடு புலப்படும். ஆய்வு நெறி பற்றிய பாடத்தை மானியக் குழு 2019 இல் கட்டாயமாக்கியபோது, 30 மணிநேரம், 2 தகுதிப்புள்ளிகள் என அளவிட்டு, அலகு வாரியாகப் பாடத்திட்டமும் தந்தது. கற்பித்தல் பயிற்சிக்கு 2022 விதிமுறைகளில் அத்தகைய பாடத்திட்டம் இல்லை. யார் பயிற்சி தருவது, எத்தனை வகுப்புகளை யார் உடனிருந்து பார்ப்பது, எவ்வாறு மதிப்பிடுவது என்பன அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பாக விடப்பட்டுள்ளன. எனவே இப்பயிற்சி ஓரிடத்தில் முழுப் பருவப் பாடமாகவும், மற்றோரிடத்தில் கையொப்பமிடப்பட்ட ஒரு தாளாகவும் முடியக்கூடும்.

பயிற்சி முறைகள்

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1960களில் உருவாக்கப்பட்ட நுண்ணிலைக் கற்பித்தல் பரவலாக அறியப்பட்ட முறை. பயிற்சி பெறுபவர் ஒரே ஒரு கருத்தை, ஐந்து முதல் பத்து நிமிடங்களில், சிறு குழுவொன்றுக்குக் கற்பிப்பார். பார்த்தவர்கள் குறை நிறைகளைக் கூறுவர். பின்னர் அதே கருத்தைத் திருத்திய முறையில் மீண்டும் கற்பிப்பார். இம்முறையின் பயன் பெரிதும் அந்த மறுமுறைக் கற்பித்தலில்தான் உள்ளது. நேரமின்மையால் பல இடங்களில் முதலில் கைவிடப்படுவதும் அதுவே.

வகுப்பு நோக்கல் மற்றொரு முறை. ஆய்வு மாணவர் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, பாடத்தையன்றி மாணவர்களைக் கவனிப்பார். எந்த இடத்தில் பேனாக்கள் நின்றன, வினாவுக்குப் பின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருந்தார், யார் யார் விடை கூறினர் என்பனவற்றைக் குறித்துக்கொள்வார். பின்னர் அவ்வாசிரியர் இவரது வகுப்புக்கு வந்து அமர்வார். செலவில்லாத முறை இது. எனினும் மூத்த ஆசிரியர் தம் வகுப்பை இளையவர் பார்க்க இசைய வேண்டும். நம் கல்லூரிகளில் அது எளிதன்று.

விடைத்தாள் மதிப்பீட்டுக்கும் பயிற்சி தேவை. ஒரே விடைத்தாளின் நகல்களைப் பல ஆய்வு மாணவர்களிடம் தந்து தனித்தனியே மதிப்பெண் இடச் செய்து, பின்னர் ஒப்பிட்டால் வேறுபாடு வெளிப்படும். எதற்கு மதிப்பெண் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டியதன் தேவை அப்போது விளங்கும்.

தமிழ்நாட்டுச் சூழல்

2021–22 ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு; நாட்டின் சராசரி 28.4 விழுக்காடு. அதே கணக்கெடுப்பு, இந்தியாவில் முனைவர் பட்ட மாணவர்களின் தொகை 2014–15 இல் 1.17 இலட்சமாக இருந்து 2.12 இலட்சமாக உயர்ந்ததைக் காட்டுகின்றது. கல்லூரிக்குள் வருபவர்களும், அவர்களுக்குக் கற்பிக்கத் தயாராகுபவர்களும் ஒருங்கே பெருகியுள்ளனர்.

இவ்வாறு வருபவர்களுள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்போர் பலர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, கல்லூரியில் ஆங்கில நூல்களை எதிர்கொள்வோரும் பலர். 1960களில் கல்லூரிகளில் தமிழ்வழி வகுப்புகள் தொடங்கப்பட்டபோது, பாடநூல்களும் தமிழில் எழுதி வெளியிடப்பட்டன. 2010 இல் அண்ணா பல்கலைக்கழகம் குடிசார், இயந்திரப் பொறியியல் பாடங்களைத் தமிழ்வழியில் தொடங்கியது. எனினும் பெரும்பாலான அறிவியல் வகுப்புகளில் நடப்பது இருமொழிக் கற்பித்தலே: ஆங்கிலக் கலைச்சொல், தமிழ் விளக்கம், ஆங்கிலத் தேர்வு. இம்மூன்றுக்கும் இடையே மாணவரை அழைத்துச் செல்வது தனித்திறன். அதனை வெளிநாட்டுக் கையேடுகள் எதுவும் கற்றுத் தருவதில்லை. இதில் ஆய்வு மாணவர்க்கு ஓர் இயல்பான வலிமை உண்டு. அவர் வயதில் மாணவர்க்கு நெருங்கியவர். அதே பாதையில் அண்மையில் நடந்து வந்தவர். எந்தச் சொல்லில் தாம் இடறினார் என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கும்.

களக் கற்பித்தல்: சேர்வராயன் மலை

வகுப்பறையைவிடக் களத்தில்தான் ஆய்வு மாணவர் முதன்முதலாக ஆசிரியராகும் வாய்ப்பு மிகுதி. தாவரவியல், விலங்கியல், நிலவியல் துறைகளின் களப்பயணங்களில் ஒரு பேராசிரியரால் நாற்பது மாணவர்களையும் கவனிக்க இயலாது; குழுக்களாகப் பிரித்து ஆய்வு மாணவர்களிடம் ஒப்படைப்பர்.

சேலம் நகரை ஒட்டி எழும் சேர்வராயன் மலை இதற்குப் பொருத்தமான இடம். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டக் கல்லூரிகளை இணைத்து 1997 இல் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகம் இம்மலைக்கு அருகிலேயே உள்ளது. சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதை 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. சுமார் 300 மீட்டர் உயரத்திலிருந்து 1,500 மீட்டர் வரை ஏறும் இச்சிறு பயணத்தில் அடிவார முட்புதர்க் காடும், இலையுதிர் காடும், மூங்கிலும், உச்சியில் காப்பித் தோட்டங்களும் சோலைகளும் அடுத்தடுத்து வருகின்றன.

நிலவியல் கற்பிப்போர்க்கு மலையடிவாரமே நல்ல பாடம். சேலத்தை அடுத்த வெண்ணிறக் குன்றுகளுக்கு ஆங்கிலேயர் "சாக் ஹில்ஸ்", அதாவது சுண்ணக் குன்றுகள், எனப் பெயரிட்டனர். ஆனால் அவ்வெண்மை சுண்ணத்தால் ஆனதன்று. பாறை இடுக்குகளில் நரம்புபோல ஓடும் மேக்னசைட்டால் ஆனது. பயிற்சியற்ற வழிகாட்டி இவ்வுண்மையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குச் செல்வார், மாணவரும் எழுதிக்கொள்வர். பயிற்சி பெற்றவர் முதலில் அது என்னவென்று கேட்பார். சுண்ணாம்பு என்ற விடை வந்ததும், சுண்ணப் பாறைத் துண்டின் மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் சில துளிகளை இடச் சொல்வார். அது நுரைத்துப் பொங்கும். அதே அமிலம் குன்றின் வெண்கல்லில் குளிர்ந்த நிலையில் ஏறத்தாழ எதுவும் செய்யாது. தம் விடை பொய்த்ததை மாணவரே கண்டபின் கூறப்படும் விளக்கம் வேறுவிதமாகப் பதிகின்றது.

மேலே செல்லச் செல்ல சார்னோகைட்டுப் பாறை தென்படும். தாமஸ் ஹாலண்ட் 1893 இல் இப்பெயரைச் சூட்டினார். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் உள்ள கல் இவ்வகையைச் சேர்ந்தது. அது சென்னையை அடுத்த பல்லாவரம் பகுதிக் கல். உச்சிச் சமவெளிகளில் இதே பாறை மழையாலும் வெப்பத்தாலும் நெடுங்காலம் சிதைந்து பாக்சைட்டாக மாறியுள்ளது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக அது வெட்டியெடுக்கப்பட்டது. கீழே கண்ட பாறைக்கும் மேலே காணும் செம்மண்ணுக்கும் உள்ள தொடர்பை மாணவர் தாமே சொல்லும் வகையில் நிறுத்தங்களை வரிசைப்படுத்துவதே வழிகாட்டியின் வேலை. பேருந்தைப் பாதுகாப்பாக நிறுத்தத்தக்க வளைவு எது என்பதையும் அவர் முன்னரே சென்று பார்த்திருக்க வேண்டும்.

தாவரவியலில் ஒரு சொற்சிக்கல் அடிக்கடி எழும். இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனம் ஏற்காட்டில் 1963 இல் அமைத்த ஆர்க்கிட் தோட்டத்தில் மரங்களைப் பற்றி வளரும் ஆர்க்கிட்டுகளைக் காணும் மாணவர், அவற்றை ஒட்டுண்ணிகள் என்று எழுதுவது வழக்கம். அவை தொற்றுத் தாவரங்கள். மரத்தை இடமாக மட்டும் கொள்கின்றன, அதனிடம் உணவு பெறுவதில்லை. இங்குத் தமிழே உதவிக்கு வரும். "ஒட்டுண்ணி" என்பதை ஒட்டி, உண்ணி எனப் பிரித்துக்காட்டி, இச்செடி ஒட்டியிருக்கின்றது, ஆனால் உண்கின்றதா என்று கேட்டால் போதும். அருகில் உள்ள தோட்டத்து மரமொன்றில் புல்லுருவி கிடைத்தால் ஒப்பீடு முழுமையாகும்.

இத்தகைய கற்பித்தலுக்கு நூல்களும் உள்ளன. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த பி. எப். பைசன் 1932 இல் வெளியிட்ட தென்னிந்திய மலைவாழிடங்களின் தாவரங்கள் பற்றிய நூலில் ஏற்காடும் இடம்பெற்றது. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இராப்பினாட் உலர்தாவரகத்தை 1967 இல் நிறுவிய கே. எம். மேத்யூ, தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களை விரிவான தொகுதிகளாக வெளியிட்ட பின், களத்துக்குக் கையில் எடுத்துச் செல்லத்தக்க மத்தியத் தமிழ்நாட்டுத் தாவரக் கையேட்டை 1991 இல் வெளியிட்டார். பெருந்தொகுதிகள் ஆய்வாளர்க்கு, கையேடு மாணவர்க்கு. ஓர் ஆய்வாளர் தம் ஆய்வைக் கற்பிக்கத்தக்கதாக மாற்றியமைக்கு இது நல்ல சான்று.

சிக்கல்கள்

நெறியாளர் வெளியூர் சென்ற நாள்களில் அவரது வகுப்பை ஆய்வு மாணவர் எடுப்பது நெடுநாள் வழக்கம். இதனைப் பயிற்சி எனக் கூற இயலாது. என்ன நடத்த வேண்டும் என்பது முதல்நாள் மாலைதான் தெரியவரும். வகுப்பை யாரும் பார்ப்பதில்லை. பின்னர் எவரும் அதுபற்றிப் பேசுவதுமில்லை. 2022 விதிமுறைகள் 4 முதல் 6 மணிநேரம் என அளவிட்டது, ஆய்வு மாணவரை ஊதியமற்ற ஆசிரியராகப் பயன்படுத்துவதற்கு ஓரளவு வரம்பிடுகின்றது. ஆனால் காலிப் பணியிடங்கள் மிகுந்த துறையில் அவ்வரம்பைக் காப்பது கடினம்.

ஆய்வுக் காலம் வீணாகும் என்ற அச்சம் நெறியாளர்களிடமும் மாணவர்களிடமும் உண்டு. பட்டம் ஆய்வேட்டைக் கொண்டே வழங்கப்படுவதாலும், நேர்காணல்களில் வெளியீடுகளே எண்ணப்படுவதாலும், இவ்வச்சம் காரணமற்றதன்று. நன்கு கற்பித்தமைக்கு அடையாளமாகப் பாடக்குறிப்புகள், வகுப்பு நோக்கல் அறிக்கைகள், மாணவர் கருத்துகள் ஆகியவற்றைத் தொகுத்துக் கற்பித்தல் கோப்பாக வைத்திருக்கும் வழக்கம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உண்டு. ஆசிரியப் பணிக்கு விண்ணப்பிப்போர் அதனையும் இணைப்பர். அத்தகைய கோப்பைக் கேட்டுப் பார்க்கும் தேர்வுக் குழுக்கள் தமிழ்நாட்டில் உருவானால்தான், ஆய்வு மாணவர் அதனைத் தொகுப்பதற்கு நேரம் ஒதுக்குவர்.